அடி விழுமுன் காப்பதே காவல்

நோயைத் தீர்ப்பதற்கென்று ஏற்பட்ட இடம் வைத்தியசாலை. அந்த இடத்திலேயே வைத்தியர் குத்துண்டு விழுகின்றார். தாதி அடியுண்டு அழுகின்றார். சிற்றூழியர் வசையுண்டு தலை குனிகின்றார். இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் நாம் ஆள்வோரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றோம். குற்றவாளியைப் பிடித்தீர்களா? கடுந்தண்டனை கொடுப்பீர்களா? இரண்டுக்கும் விடை எளிது. பிடித்தோம் என்பார்கள், புதுச் சட்டம் கொண்டு வருகின்றோம் என்பார்கள். நாமும் மனந்தேறி வீடு திரும்புகின்றோம்.

கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அடி விழுமுன் அதனைத் தடுப்பது எவ்வாறு என்று அங்கே வேலை செய்வோருக்கு என்ன கற்பித்தீர்கள்? அந்தப் பாடத்தைக் கடைசியாக எப்போது புதுப்பித்தீர்கள்? அதனைக் கற்றவர் யார், கற்காதவர் யார் என்ற இடாப்பு எங்கே? இக்கேள்வியைக் கேட்டால் அமைச்சு நிருவாகத்தைக் காட்டும். நிருவாகம் காவலாளியைக் காட்டும். காவலாளி வாயிற் கதவைக் காட்டுவான். கதவு யாரைக் காட்டும்?

இது வைத்தியர்களின் சொந்தக் குறை, நமக்கென்ன என்று எண்ணற்க. உலக சுகாதார ஸ்தாபனம் கூறும் கணக்கின்படி, சுகாதார ஊழியருள் நூற்றுக்கு 8 முதல் 38 வரையானோர் தம் பணிக்காலத்தில் எப்போதாவது உடல்மீதான தாக்குதலுக்கு ஆளாகின்றனர். பல நாடுகளில் நடந்த 253 ஆய்வுகளை ஒருங்கு சேர்த்து 2019இல் வெளியிடப்பட்ட மீளாய்வொன்று இன்னும் கசப்பான உண்மையைச் சொல்லிற்று. ஓராண்டுக் காலத்துள் நூற்றுக்கு 62 பேர் ஏதேனும் ஒருவகை வன்முறைக்கு உள்ளாகியிருந்தனர். உடல்மீது அடி வாங்கியோர் நூற்றுக்கு 24 பேர். இத்தகைய விகிதத்தில் வேறெந்தத் தொழிலில் அடி விழுந்தாலும் நாடு கொதித்தெழாதா? வைத்தியசாலையில் விழும் அடியை மட்டும் "வேலையோடு வந்தது" என்று விழுங்கச் சொல்கின்றோம்.

அயலிலிருந்து வரும் பாடம்

அயல்நாட்டை முதலில் நோக்குவோம். 2023 மே 10ஆம் நாள், விடியுமுன்னான வேளையில், கேரளத்தின் கொல்லம் மாவட்டத்துக் கொட்டாரக்கரா தாலுகா வைத்தியசாலைக்குக் காலிற் காயத்தோடு ஒருவனைப் பொலிஸார் அழைத்து வந்தனர். மருந்து கட்டும் இடத்திலிருந்த கத்தரிக்கோலே அவன் கையில் ஆயுதமாயிற்று. பயிற்சிக் காலத்திலிருந்த இளம் பெண் வைத்தியர் ஒருவர் மாண்டார். பொலிஸார் உட்பட வேறு சிலர் காயமுற்றனர்.

சட்டத்தரணி என்ற முறையில் ஒன்றைக் கேட்கின்றேன். அங்கே எது இல்லை? பொலிஸ் இருந்தது. சட்டமும் இருந்தது; சுகாதார ஊழியரைத் தாக்குவோரைத் தண்டிக்கும் தனிச் சட்டம் கேரளத்தில் 2012 முதற்கொண்டே உண்டு. மனங்கலங்கிய ஒருவனைக் கூரிய கருவிகள் கிடக்கும் இடத்துக்கு எவ்வாறு கொண்டு வருவது, அவன் பக்கத்தில் எவர் நிற்பது, அபாயக் குரல் எழுந்தால் எவர் எவரைக் கைப்பற்றி எவ்வாசலால் வெளியேறுவது என்பவற்றை அங்கிருந்தோர் அனைவரும் சேர்ந்து ஒத்திகை பார்த்திருந்தார்களா என்பதே கேள்வி. அம்மாதம் முடியுமுன்னரே அவசரச் சட்டம் பிறந்தது. கடுங்காயம் விளைத்தால் 1 முதல் 7 ஆண்டு வரை சிறை, 1 இலட்சம் முதல் 5 இலட்சம் இந்திய ரூபா வரை தண்டம் என்று அது விதித்தது. "கோட் கிரே" என்னும் அபாய ஒழுங்குமுறை அம்மாநிலத்தில் வகுக்கப்பட்டதும் அந்த உயிர் போன பின்னரே. வெள்ளம் வருமுன் அணை போடு என்ற முதுமொழி நம் எல்லோர் வாயிலும் உண்டு. ஆள்வோர் செவியில் மட்டும் ஏறுவதில்லை.

அடுத்த ஆண்டு, 2024 ஓகஸ்ட் 9ஆம் நாள், கொல்கத்தாவின் ஆர். ஜி. கர் வைத்தியக் கல்லூரி வைத்தியசாலையில், நீண்ட நேரக் கடமைக்கு நடுவே கருத்தரங்கு மண்டபத்தில் இளைப்பாறச் சென்ற பெண் பயிற்சி வைத்தியர் பாலியல் வன்முறைக்குள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். கொலைகாரன் வெளியிலிருந்து சுவரேறி வந்த கள்வன் அல்லன். பொலிஸாருக்குத் துணையாக அமர்த்தப்பட்ட தொண்டன். 2025 ஜனவரியில் அவனுக்கு ஆயுட் சிறை விதிக்கப்பட்டது. மேற்கு வங்காளத்திலும் 2009 முதற்கொண்டு தனிச் சட்டம் உண்டு. இந்திய உச்ச நீதிமன்றம் இவ்விடயத்தைத் தானே கையிலெடுத்து, 2024 ஓகஸ்ட் 20ஆம் நாள் தேசியச் செயலணி ஒன்றை அமைத்தபோது எவற்றைக் குறையாகக் கண்டது? இரவுக் கடமை செய்வோருக்கு ஓய்வறை இல்லை. ஓயாத கடமை நேரம். பாதுகாப்பான போக்குவரத்து இல்லை. வருவோர் போவோரைக் கவனிக்கும் ஒழுங்கு இல்லை. இவற்றுள் ஒன்றாயினும் சிறைத் தண்டனையை நீட்டுவதால் தீரக்கூடியதா?

அதே ஆண்டு நவம்பர் 13ஆம் நாள், சென்னை கிண்டியிலுள்ள கலைஞர் நூற்றாண்டு வைத்தியசாலையில், புற்றுநோய் வைத்தியர் ஒருவரை அவரிடம் சிகிச்சை பெற்ற நோயாளியின் மகனே கத்தியால் பலமுறை குத்தினான். வைத்தியர் உயிர் தப்பினார். தமிழ்நாட்டில் 2008 முதற்கொண்டே சட்டம் உண்டு; 3 ஆண்டுக்குக் குறையாத, 10 ஆண்டு வரை நீளக்கூடிய சிறையை விதிக்கும் சட்டம். பதினாறு ஆண்டுகள் அச்சட்டம் ஏட்டில் இருந்தது. கத்தி அதனைப் படித்துப் பார்க்கவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 2025 மார்ச் 10ஆம் நாள், அநுராதபுரம் போதனா வைத்தியசாலையிற் கடமை முடித்துத் தம் தங்குமிடம் திரும்பிய பெண் வைத்தியர் ஒருவர் கத்திமுனையிற் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டார். வைத்தியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். சந்தேகநபர் சில நாட்களுள் கைதானார். அதன்பின் ஒவ்வொரு வைத்தியசாலையிலும் தங்குமிடத்துக்குச் செல்லும் வழியின் வெளிச்சம், பூட்டு, துணை, அபாய மணி என்பவற்றை ஊழியரோடு நடந்து பார்த்து எழுதியவர் எத்தனை பணிப்பாளர்? எழுதியவர் இருந்தால் அந்த ஏட்டை நாட்டுக்குக் காட்டட்டும். மகிழ்வோம்.

தண்டனைச் சட்டம் யாரோடு பேசுகின்றது?

சட்டத்தின் இயல்பை விவசாயியும் விளங்கிக்கொள்ளுமாறு சொல்லலாம். பயிரை மேய்ந்த மாட்டைப் பட்டியில் அடைப்பது ஒன்று. மேயாதபடி வேலி அடைப்பது வேறொன்று. தண்டனைச் சட்டம் மாட்டோடு பேசுகின்றது. வேலியைப்பற்றி அதற்குக் கவலையில்லை.

1883ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட நம் தண்டனைச் சட்டக் கோவையின் 344ஆம் பிரிவு, அரச ஊழியர் ஒருவரைக் கடமை செய்யவிடாது தடுக்கும் நோக்கத்தோடு தாக்குவதைக் குற்றமாக்கியது. நல்லது. ஆயின் தனியார் வைத்தியசாலையில் இரவு முழுதும் விழித்திருக்கும் தாதி அரச ஊழியர் அல்லர். அந்தப் பிரிவின் நிழல் அவர்மேல் விழாது. அரச வைத்தியசாலையிலும், மகனைப் பறிகொடுத்த கணத்தில் மதியிழந்து கையோங்கும் தந்தை சட்டக் கோவையைப் புரட்டிப் பார்த்துவிட்டா ஓங்குகின்றான்? மதுவெறியில் நிற்பவனுக்கு எத்தனை ஆண்டுச் சிறை என்று சொன்னால் என்ன விளங்கும்?

இவர்களையும் விட்டுவிடுவோம். தலையில் அடிபட்டு மூளை குழம்பியவர், நீரிழிவு மருந்தால் இரத்தத்திற் சர்க்கரை விழுந்து தடுமாறுபவர், முதுமையிற் காய்ச்சலாற் பிதற்றுபவர் ஆகியோரும் அடிக்கின்றனர், கடிக்கின்றனர், தள்ளி வீழ்த்துகின்றனர். கிருமிநாசினி நஞ்சு உடலிற் சென்றோருக்கு முறிப்பாகக் கொடுக்கும் அத்திரோப்பீன் மருந்து மிகுந்தாலே நோயாளி வெறிகொண்டவர்போல் எழுந்து ஓடுவார் என்பது நம் விவசாயக் கிராமங்களிற் பலர் கண்டறிந்தது. இவர்களை எந்த நீதவான் முன் நிறுத்துவது? இவர்களிடம் குற்றமனம் இல்லை. குற்றமனம் இல்லாத இடத்தில் தண்டனைச் சட்டம் வாய் மூடி நிற்கும். ஆயினும் தாதியின் முறிந்த விரல் முறிந்ததுதானே? அங்கே காப்பது ஒன்றே ஒன்று: இந்நிலை வருமென்று முன்னறிந்து, இருவராக அணுகவும், மருந்தின் அளவைக் கவனிக்கவும், கூரிய பொருளை அகற்றவும் பழகிய கைகள்.

பின் ஏன் அரசுகள் தண்டனைச் சட்டத்தையே நாடுகின்றன? காரணம் வெளிப்படை. தண்டனைச் சட்டம் பழியை அந்நியன் ஒருவன்மேல் போடுகின்றது, செலவும் இல்லை. தொழிற் பாதுகாப்புச் சட்டமோ வேலை கொள்வோனைப் பார்த்து, "நீ என்ன செய்தாய்?" என்று கேட்கின்றது. அரச வைத்தியசாலையில் வேலை கொள்வோன் யார்? அரசே. தன்னையே கேள்வி கேட்கும் சட்டத்தை எந்த அரசு விரும்பி இயற்றும்? 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சுழலும் சக்கரத்துக்கு வேலி போடச் சொன்னது. கோபமுற்ற கூட்டத்தின் நடுவே தனித்து நிற்கும் தாதியை அது நினைத்துப் பார்க்கவில்லை.

உலகம் இதனை நினைத்துப் பார்த்திருக்கின்றது. 2019 ஜூனில் ஜெனீவாவிற் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு 190ஆம் இலக்கச் சமவாயத்தை நிறைவேற்றியது. 2021 ஜூனில் அது நடைமுறைக்கு வந்தது. வன்முறை அபாயங்களை ஊழியரின் பங்குபற்றலோடு இனங்காண வேண்டும், அவர்களுக்கு அறிவும் பயிற்சியும் அளிக்க வேண்டும் என்னும் கடமை வேலை கொள்வோன்மேல் வருமாறு உறுப்பு நாடுகள் சட்டம் செய்ய வேண்டுமென்று அதன் 9ஆம் உறுப்புரை கூறுகின்றது. அதனோடு எழுந்த 206ஆம் இலக்கச் சிபாரிசு இரவு வேலையையும், தனித்துச் செய்யும் வேலையையும், சுகாதாரத் துறையையும் பெயர் சுட்டிச் சொல்கின்றது.

ஏட்டுச் சுரைக்காய்ப் பயிற்சி

"பயிற்சிதானே? கொடுத்துவிட்டோம்" என்பார் சிலர். எத்தகைய பயிற்சி? வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் ஒரு மண்டபத்தில் ஒரு மணி நேரம் படம் காட்டி, "நோயாளரோடு பொறுமையாகப் பேசுக" என்று உபதேசித்து, கையொப்பம் வாங்கி, தேநீர் கொடுத்து அனுப்புவதா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

இது வெறும் ஏளனமன்று. ஆராய்ந்து கண்ட முடிவு. சுகாதார ஊழியர்மீதான தாக்குதலைத் தடுக்க அளிக்கப்படும் பயிற்சியைப்பற்றிக் கொக்ரேன் அமைப்பு 2020இல் ஒரு மீளாய்வை வெளியிட்டது. 9 ஆய்வுகள், 1,688 ஊழியர்கள். பயிற்சி பெற்றோரின் அறிவும் மனப்பாங்கும் சிறிது காலத்துக்குத் திருந்தியிருக்கலாம். விழும் அடிகள் குறைந்தமைக்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்பதே அதன் சாரம். இதனைக் காட்டி, "ஆகவே பயிற்சி வீண்" என்று சொல்லி நழுவ நினைப்போரும் உளர். அவர்கள் அடுத்த ஏட்டையும் படிக்கட்டும்.

அமெரிக்காவில் 7 வைத்தியசாலைகள் கொண்ட ஒரு தொகுதியில் 41 பிரிவுகளை எடுத்து ஒரு பரிசோதனை நடந்தது. அதன் பெறுபேறு 2017இல் வெளிவந்தது. ஒருசாராரின் பிரிவுகளில், அந்தந்தப் பிரிவிலேயே நடந்த தாக்குதல்களின் கணக்கைப் பொறுப்பாளர் முன் விரித்து வைத்தனர். எந்த நேரம், எந்த இடம், எந்த வேலையின்போது அடி விழுந்தது என்று பார்த்து, ஊழியரோடு சேர்ந்து தம் பிரிவுக்கென்றே திட்டம் வகுக்கச் செய்தனர். மறுசாராரின் பிரிவுகள் வழக்கம்போல் நடந்தன. ஆறு மாதத்தின் பின் முதற்சாராரின் பிரிவுகளில் தாக்குதல் வீதம் மற்றைய பிரிவுகளின் வீதத்தில் ஏறத்தாழப் பாதியாயிருந்தது. இரண்டாண்டின் பின், தாக்குதலாற் காயமுறும் வீதமும் வெகுவாகத் தாழ்ந்திருந்தது.

வேறுபாடு எங்கே? முன்னையது எல்லோருக்கும் ஒரே பாடம். பின்னையது ஒவ்வொரு பிரிவும் தன் காயத்தைத் தானே பார்த்து எழுதிய பாடம். மட்டுவிலுக்கும் மன்னாருக்கும் ஒரே நாளில் ஒரே பயிரை விதைக்கச் சொல்லும் உத்தியோகத்தனை நம் விவசாயி நகைக்கமாட்டானா? விபத்துப் பிரிவின் நள்ளிரவும், மகப்பேற்று விடுதியின் பார்வையாளர் நேரமும், மனநோய் விடுதியின் மருந்து வேளையும், மருந்தகத்து நீண்ட வரிசையும் ஒரே நிலமா? நிலத்துக்கேற்ற விதையே முளைக்கும். பயிற்சியைப் புதுப்பித்தல் என்று நாம் கேட்பது இதனையே.

கலிபோர்னியா செய்தது என்ன?

இதனைச் சட்டமாக்க முடியுமா? முடிந்திருக்கின்றது. கலிபோர்னியா மாநிலத்தில் 2010 ஒக்டோபர் மாதத்தில் நாப்பா அரச மனநல வைத்தியசாலையின் ஊழியர் ஒருவர் நோயாளி ஒருவனாற் கொல்லப்பட்டார். அதே மாதம் சிறைச்சாலையிற் கடமையாற்றிய தாதி ஒருவரும் கைதி ஒருவன் தாக்கியதால் இறந்தார். தாதியர் சங்கம் ஓயவில்லை. 2014இற் சட்டம் நிறைவேறியது. 2017இல் ஒழுங்குவிதிகள் நடைமுறைக்கு வந்தன. திட்டத்தையும் பயிற்சியையும் 2018 ஏப்ரல் 1ஆம் நாளுக்குள் ஒழுங்கு செய்யவேண்டுமென்று வைத்தியசாலைகள் கட்டாயப்படுத்தப்பட்டன.

அவ்விதிகளின் உள்ளுடம்பைப் பாருங்கள். ஒவ்வொரு சம்பவமும் வன்முறைப் பதிவேட்டில் எழுதப்பட வேண்டும். பதிவுகள் 5 ஆண்டு பேணப்பட வேண்டும். பாடத்திட்டத்தை வகுப்பதில் ஊழியருக்கும் அவர்தம் சங்கத்துக்கும் பங்கு வேண்டும். பயிற்சி தொடக்கத்தில் ஒருமுறை, பின் ஆண்டுதோறும்; புதிய அபாயம் தோன்றினால் மீண்டும். பயிற்சியின்போது கேள்வி கேட்கவும் விடயமறிந்தவரிடம் விடை பெறவும் வாய்ப்பு வேண்டும். பொலிஸாரின் உதவியை நாடிய ஊழியரைப் பழிவாங்கக் கூடாது. கடுமையான சம்பவமாயின் 24 மணி நேரத்துள் அரசுக்கு அறிவிக்க வேண்டும். அமெரிக்க வைத்தியசாலைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் கூட்டு ஆணையமும் 2022 ஜனவரி 1ஆம் நாள் முதல் இத்தகைய நியதியை விதித்தது: வேலையிற் சேரும்போது, ஆண்டுதோறும், ஒழுங்கு மாறும்போதெல்லாம் பயிற்சி.

அமெரிக்காவைச் சொர்க்கமென்று காட்ட நாம் வரவில்லை. நாடு முழுமைக்குமான இத்தகைய சட்டமூலம் 2019இலும் 2021இலும் அங்கே பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியும் செனற் சபையைத் தாண்டவில்லை. செலவுக்கு அஞ்சும் நிருவாகங்கள் எங்கும் உள. ஆயினும் ஒன்று நிலைநாட்டப்பட்டுவிட்டது. பயிற்சி என்பது நிருவாகம் மனமிரங்கி வழங்கும் தானமாக இருக்க வேண்டியதில்லை. ஊழியர் உரிமையோடு கேட்டுப் பெறக்கூடிய சட்டக் கடமையாக இருக்கலாம்.

விவசாயிக்கு இதில் என்ன?

விவசாயப் பெருமக்களே, இது உங்கள் வழக்குங்கூட. வயலிற் கண்ணாடி விரியன் தீண்டிய ஒருவரைத் தூக்கிக்கொண்டு பத்துப் பேர் விபத்துப் பிரிவுக்கு ஓடி வருகின்றீர்கள். வைத்தியர் சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஆடாமல் அசையாமல் வைத்துவிட்டுக் காத்திருக்கின்றார். இருபது நிமிடம். உங்கள் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும்? உயிர் போகின்றது, இவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கின்றார் என்றே தெரியும். உண்மையில் அந்த இருபது நிமிடமே பரிசோதனை. இரத்தம் உறைகின்றதா, உறையாதா என்று பார்த்தே விஷமுறிப்பு மருந்தின் தேவையைத் துணிவர். வேண்டாத இடத்திற் கொடுத்தால் அம்மருந்தே ஆபத்தாகலாம்.

இந்த ஒரு செய்தியை, "ஐயா, அம்மா, இதற்காகத்தான் காத்திருக்கின்றோம், இருபது நிமிடத்தில் வந்து சொல்கின்றோம்" என்று தெளிந்த தமிழில் உறவினரிடம் சொல்வதற்கு ஒருவரை நியமித்துப் பழக்கியிருந்தால், கூட்டத்தின் கோபம் பாதி அடங்கும். சொல்ல ஆளில்லாத இடத்தில் இருபது நிமிடம் இரண்டு யுகமாகின்றது, ஒருவன் கூச்சலிடுகின்றான், மற்றவன் கதவைத் தள்ளுகின்றான், தாதி பின்வாங்குகின்றார். அந்தக் குழப்பத்தில் முதலில் பாதிக்கப்படுவது கட்டிலிற் கிடக்கும் உங்கள் உறவினரே. இதனால்தான் சொல்கின்றோம்: வன்முறையைத் தடுக்கும் பயிற்சி நோயாளிக்கு எதிரான கவசம் அன்று, நோயாளிக்கும் அதுவே காவல்.

இன்னொன்றையும் ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். ஏழை நோயாளியை "டேய்" என்று அதட்டுவதும், கேட்ட கேள்விக்கு விடை சொல்லாது முகத்தைத் திருப்புவதும், அவனறியா மொழியிற் சீறுவதும் நம் வைத்தியசாலைகளில் இல்லாதவை அல்ல. அவமதிப்பு அடிதடிக்கு நியாயமாகாது. ஆயினும் அடிதடிக்கு விறகாகின்றது. ஊழியரின் உயிரைக் காக்கும் பயிற்சியில் நோயாளியின் மானத்தைக் காக்கும் பாடமும் இருத்தல் வேண்டும். அப்பாடம் இல்லாத பயிற்சியை நாம் வேண்டோம்.

மறுப்போருக்கு மறுமொழி

"பணமில்லை" என்பது முதலாவது மறுப்பு. ஒரு பதிவேட்டின் விலை என்ன? மாதத்தில் ஒரு மணி நேரம் விடுதிப் பொறுப்பாளரும் வைத்தியரும் சிற்றூழியரும் காவலாளியும் ஒரு மேசையில் இருந்து அந்த ஏட்டைப் புரட்டுவதற்குத் திறைசேரியின் அங்கீகாரம் வேண்டுமா? அடியுண்ட தாதியின் விடுமுறைக்கும், அஞ்சி வெளிநாடு செல்லும் வைத்தியரின் வெற்றிடத்துக்கும் நாடு கொடுக்கும் விலையை எவர் கணக்கிட்டார்?

"பொலிஸ் காவல் போட்டுவிட்டோம்" என்பது இரண்டாவது. கொட்டாரக்கராவிற் பொலிஸார் நோயாளியோடே வந்து நின்றனர்; கொல்கத்தாவிற் கொலைஞனே பொலிஸாரின் துணைத் தொண்டன். காவற்சாவடி வேண்டாமென்பார் இல்லை. ஆனால் சாவடியில் இருப்போரும் அதே ஒத்திகையில் நின்று பழகாவிட்டால், சாவடி வெறும் கூரையே.

மூன்றாவது மறுப்பு ஊழியர் பக்கத்திலிருந்தே வருகின்றது, அதிற் சாரமுண்டு. "பயிற்சி கொடுத்துவிட்டு, பின்னர் அடி விழுந்தால், நீ பாடத்தைச் சரியாகப் பின்பற்றவில்லை என்று எங்கள்மேலேயே பழி போடுவார்கள்" என்று அஞ்சுகின்றனர். இந்த அச்சம் நியாயமானது. ஆகையினாலேதான் பயிற்சியைத் தனித்துக் கேட்கவில்லை. நிருவாகத்தின் கடமையோடு பிணைத்துக் கேட்கின்றோம். இருவர் நிற்க வேண்டிய விடுதியில் இரவில் ஒருவரை நிறுத்திவிட்டு, "இருவராக அணுகுக" என்று பாடம் சொல்வது ஏமாற்று. இருண்ட பாதையில் விளக்குப் போடாமல், "விழிப்பாக நடக்கவும்" என்று சுவரொட்டி ஒட்டுவதும் அவ்வகையே. ஏட்டில் எழுதப்பட்ட குறையை நிருவாகம் தீர்த்ததா, எந்நாளில் தீர்த்தது என்பதும் அதே ஏட்டில் எழுதப்பட வேண்டும்.

நாம் கேட்பவை

ஆகவே ஐந்து கோரிக்கைகளை முன்வைக்கின்றோம்.

ஒன்று: ஒவ்வொரு வைத்தியசாலையிலும் விடுதிவாரியாக வன்முறைப் பதிவேடு வேண்டும். அடி மட்டுமன்று, வசையும் மிரட்டலும் அதில் எழுதப்பட வேண்டும். எழுதியவர்மேல் எவ்வகைப் பழிவாங்கலும் கூடாது.

இரண்டு: அந்தப் பதிவேட்டிலிருந்தே அந்தந்த விடுதியின் பயிற்சி உருவாக வேண்டும்; ஆண்டுதோறும், பெருஞ்சம்பவம் நேர்ந்தபோதெல்லாம் புதுப்பிக்கப்பட வேண்டும். வகுப்போரில் தாதியரும் சிற்றூழியரும் தொழிற்சங்கத்தாரும் இருத்தல் வேண்டும்.

மூன்று: உள்ளகப் பயிற்சி வைத்தியர், தாதிய மாணவர், காவலாளி, அம்புலன்ஸ் சாரதி, துப்புரவுத் தொழிலாளி எவரும் விடுபடலாகாது. கேரளத்தின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகையோரையும் பாதுகாப்புக்குள் அடக்கியது. அடி விழும்போது முதலில் நிற்பவர் இவர்களே. பயிற்சி இடாப்பிற் கடைசியில் நிற்பவரும் இவர்களாயிருத்தல் தகாது.

நான்கு: காத்திருக்கும் உறவினருக்கு அவர்தம் மொழியிற் செய்தி சொல்லும் பொறுப்பு ஒவ்வொரு கடமை முறையிலும் பெயர் குறித்து ஒருவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். சாவுச் செய்தியைச் சொல்லும் முறை தனிப் பாடமாக வேண்டும்.

ஐந்து: இவையெல்லாம் அரச, தனியார் வைத்தியசாலை இரண்டையும் கட்டுப்படுத்தும் சட்டக் கடமையாக வேண்டும், மீறும் நிருவாகம் பதில் சொல்ல வேண்டும்.

ஐந்தாவதற்குப் பாராளுமன்றம் வேண்டும். முதல் நான்குக்கும் வேண்டியதில்லை. போதனா வைத்தியசாலைகளில் அமைச்சின் சுற்றறிக்கை ஒன்றும், பிரதேச வைத்தியசாலைகளில் மாகாணச் சுகாதாரத் திணைக்களத்தின் சுற்றறிக்கை ஒன்றும் போதும். சட்டம் வரும்வரை காத்திருக்கின்றோம் என்பது சோம்பலுக்கு இட்ட மறுபெயர்.

படித்தோரே, உங்கள் சங்கக் கூட்டங்களில் இதனைத் தீர்மானமாக்குங்கள். சட்டத்தரணிகளே, வேலைக்களத்திற் காயமுற்ற தாதிக்குத் தண்டனை வழக்கோடு நின்றுவிடாது, நிருவாகத்தின் கவனயீனத்தையும் மன்றில் எழுப்புங்கள். விவசாயிகளே, வைத்தியசாலை நலன்புரிச் சங்கங்களில் உங்களுக்கும் இடமுண்டு, அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வைத்தியசாலையின் வன்முறைப் பதிவேடு எங்கே? அதைக்கொண்டு நடந்த கடைசிப் பயிற்சி எந்நாளில்?"

ஏடு வந்தால் வாங்கிப் படியுங்கள். வராவிட்டால், வரும்வரை ஒவ்வொரு கூட்டத்திலும் கேளுங்கள். இன்றிரவும் எங்கோ ஒரு விடுதியில் ஒரு தாதி தனியே விழித்திருக்கின்றார். நம் வீட்டு நோயாளியைக் காத்துக்கொண்டே விழித்திருக்கின்றார். அவரைக் காப்பது யார் என்று கேட்பது நம் கடன்.